ராகு காலத்தில் பார்த்த படம்

தம்பி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் பெரியப்பா மட்டும் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்குக் காரணமும் இந்தக் கடிதத்திலேயே வரும். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மனசு குறுகுறுத்தது. அம்மா அழுது கெஞ்சி அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாள் என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? "நீ கிரேட்மா" என்று நீ போனில் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. உங்கம்மா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அன்றைக்கு அழுதது நான். அதுவும் ஒரு வெள்ளைக்காரப் படத்தைப் பார்த்து. சிரிக்காதே. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்பாய், எனக்கு வேகம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். புனேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படி.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் பவித்ரா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, நாங்களே பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவ்வளவு அன்பாகச் சொன்னேனே, அது அன்பு இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெண்ணைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. உன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்ற ஒன்றே ஒன்றுதான். அது எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. "மருமவளா, இல்ல பையனுக்கு அக்காவா?" என்று நம் தெருவில் கேட்பார்கள். பெரியப்பாவும் அதையே சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்: போவோம், மரியாதையாக உட்காருவோம், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். தண்ணீர் குடிக்கலாம், வேறு எதையும் தொடக் கூடாது. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம் ஆகிவிடும், அப்புறம் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானம். இது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்தானே. "ஒரு பஜ்ஜிகூட வாய்ல வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று உங்கம்மாவை நான் மிரட்டிக்கூட வைத்தேன். அவள் பாட்டுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் நான் ஒரு தந்திரமும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும். பெரியப்பாவுக்குப் பஞ்சாங்கம்தான் உயிர் என்று உனக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சேரும்போது ராகு காலம் பிறந்துவிட்டால், சகுனம் சரியில்லை என்று அவரே வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார், எனக்கும் பழி வராது. அதனால் ஆம்பூரிலேயே நான் நேரத்தைக் கடத்தினேன். வாடகைக் காருக்குக் காற்று பிடிக்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வீட்டுக்குள் போனேன். பள்ளிகொண்டா தாண்டியதும் டீ குடிக்கலாம் என்றேன். "வேணும்னே பண்றீங்க, இல்ல?" என்றாள் உங்கம்மா. "டீ குடிக்கிறதுகூட தப்பா?" என்றேன். சத்துவாச்சாரியில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி நாலு முப்பத்தைந்து. நான் வாயெல்லாம் கவலையாக, "அய்யய்யோ, ராகு காலம் வந்துடுச்சேண்ணா" என்றேன்.

பெரியப்பா வாட்ச்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு. ஒரு பொம்பள தனியா இருக்குற வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனா அது பாவம். உள்ள போய் உக்காருவோம். ஆனா ஆறு மணி வரைக்கும் சம்பந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. பொண்ணு வெளிய வரக் கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டார். என் தந்திரம் என் தலையிலேயே விடிந்தது. பவித்ராவின் அம்மா, ரிட்டயர்ட் நர்ஸ், பொறுமையான மனுஷி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டீப்பாய் மேல் வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்து, "ஆறு மணிக்கு மேல சாப்ட்டுக்கலாம்ணே" என்றார். அப்புறம் ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம்! சம்பந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்றால் வேறு எதைத்தான் பேசுவது? வெயில் ஜாஸ்தி என்று நான் சொன்னேன். ஆமாம், ஜாஸ்திதான் என்று அந்த அம்மா சொன்னார். அதோடு தீர்ந்தது.

சங்கடம் தாங்காமல் அந்த அம்மா, "டி.வி. போடட்டுமாண்ணே?" என்று ரிமோட்டை அழுத்தினார். செய்தி வரும் என்று பார்த்தால், திரை முழுக்க ஒரே கறுப்பு. பிறகு மழை. கறுப்பு வெள்ளையில் ஒரு தெரு, தொப்பி போட்ட ஒரு ஆள், அடியில் தமிழ் எழுத்து. அந்த அம்மா பதறிப்போனார். "இது பவித்ரா வேல பாக்குற படம்… கம்ப்யூட்டர்ல இருந்து இதுல இணைச்சி வெச்சிருக்கா. எப்படி மாத்தறதுன்னு தெரியலயே." உள் அறையிலிருந்து, "அம்மா, அந்த மேல இருக்குற பட்டன…" என்று ஒரு குரல் வந்தது. பெரியப்பா கனைத்தார். குரல் நின்றுவிட்டது. பாவம், ராகு காலத்தில் குரல்கூட வெளியே வரக் கூடாது போலிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கட்டும்மா, ஓடட்டும். பாத்துட்டு இருக்கோம்" என்றேன். சப்டைட்டில் எழுதுவதுதான் அவள் வேலை என்று நீ சொல்லியிருந்தாய். வீட்டில் உட்கார்ந்து ஏதோ டைப் அடிக்கிறாள் என்பதற்கு மேல் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி, நான் பார்த்த படங்கள் எல்லாம் உனக்குத் தெரியும். சண்டை வேண்டும், பாட்டு வேண்டும், கடைசியில் குடும்பம் ஒன்று சேர வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்த இங்கிலீஷ் படத்தை, அதுவும் கறுப்பு வெள்ளையில், என் ஆயுசில் பார்த்ததில்லை. அதுவும் எதிர்காலத்தில் நடக்கிற கதை! அந்தக் காலத்து ஆள் ஒருத்தன், தான் பார்க்கவே போகாத ஒரு காலத்தை உட்கார்ந்து யோசித்து, அட்டையும் மரமும் வைத்து அந்த ஊரைக் கட்டியிருக்கிறான். அந்த ஊரில் சூரியன் கிடையாது. அணைந்துபோய்விட்டது. எப்போதும் ராத்திரி, எப்போதும் மழை. மாடி மேல் மாடியாகக் கட்டடங்கள் இருக்கின்றன, ஆனால் நூறு ஜன்னலுக்கு ஒரு ஜன்னலில்தான் வெளிச்சம். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தவனுக்குக் கறுப்பு என்பது ஒரே நிறம் இல்லை என்று தெரியும். மின்னுகிற கறுப்பு, மங்கின கறுப்பு, நீலம் ஓடுகிற கறுப்பு என்று எத்தனையோ உண்டு. ஆனால் அந்தப் படத்தில் இருந்த கறுப்புகளை நான் எங்கேயுமே பார்த்ததில்லை. ஒரு பெண் கையில் விளக்கோடு மாடிப்படி ஏறி வருகிறாள். அவள் ஏற ஏற ஒவ்வொரு படியாக உயிர் பெற்று எழுந்திருக்கிறது, அவள் தாண்டிப் போனதும் செத்துப்போகிறது. "அடேங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கதையைச் சொல்கிறேன், உனக்கு அது தெரிந்திருந்தாலும் நான் சொல்லிக் கேள். அந்த ஊரில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அடகுக் கடையிலிருந்து. நம் பஜாரில் நகை வைக்கிற கடை மாதிரியே கம்பி போட்ட கவுன்டர். ஆனால் அங்கே வைப்பது நகை இல்லை, ஞாபகம். நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் செம்புக் கிண்ணம் ஒன்றை வைத்து, ஒரு ஞாபகத்தை உருவிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக்கொள்கிறார்கள். அதை விளக்கில் போட்டால் எரிகிறது. அவ்வளவுதான், அந்த ஞாபகம் உன்னிடம் இல்லை. உப்புச் சப்பில்லாத ஞாபகம் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். நல்ல ஞாபகம் என்றால் நின்று எரியும். ஜனங்கள் முதலில் பழைய சண்டை, பள்ளிக்கூடத்துப் பாடம் என்று ஒன்றுக்கும் உதவாததைக் கொடுக்கிறார்கள். பிறகு கஷ்டம் வரும்போது நல்லதைக் கொடுக்கிறார்கள். தன் பெயரே தெரியாமல், கையில் ஒரு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறவர்களைக் காட்டுகிறான் பாரு.

தொப்பி போட்ட அந்த ஆள், காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறவன். அவனும் எதையோ அடகு வைத்தவன்தான். பத்து வருஷம் அவனிடம் இல்லை. கூட்டாளி ஒருத்தன் கேட்கிறான், அவன் பதில் சொல்கிறான். அடியில் எழுத்து ஓடுகிறது:

"இன்னாத்த வெச்ச?"

"தெரியல. தெரிஞ்சா அது இன்னும் என்கிட்டதானே இருக்கும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெள்ளைக்காரன் பேசுகிறான், நம் ஊர்ப் பேச்சு வருகிறது! வேலை பேஜாராக இருக்கிறது என்கிறான், வெளிச்சம் கம்மி என்கிறான். துரை மாதிரிப் பேசுகிற அடகுக் கடைக்காரனுக்கு மட்டும் புத்தகத் தமிழ். இதையெல்லாம் எழுதினவள் அந்தச் சாத்தின கதவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவள் என்னிடம் பேச ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

அவனிடம் ஒரு பெண் வருகிறாள். என் புருஷனைக் காணவில்லை, தேடிக் கொடு என்கிறாள். போட்டோ இல்லை. "எப்படி இருப்பான்?" என்றால், "நல்லவரு. கொஞ்சம் சாய்ஞ்சி நடப்பாரு" என்கிறாள். அவன் ஊரெல்லாம் தேடுகிறான். தேடத் தேட அந்தப் பெண் மேல் அவனுக்குப் பிரியம் வந்துவிடுகிறது, முகமே தெரியாத அந்தப் புருஷன் மேல் பொறாமையும் வந்துவிடுகிறது. ஒரு நாள் அவள் அறைக்குப் போகிறான். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி பழைய ஷூ. இடது ஷூவின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அவன் குனிந்து அதையே பார்க்கிறான். பிறகு மெதுவாகத் தன் காலைப் பார்க்கிறான். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. படம் ஆரம்பிக்கும்போதே அவன் மேஜை மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அந்தத் தேய்ந்த குதிகாலை நம் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார்களே! பிறகு மழைச் சேற்றில் அந்தக் காலடித் தடத்தையும் காட்டினார்கள். ஆயுசு பூராவும் ஷூவைப் பார்த்தே சோறு தின்ற எனக்கு அது கண்ணில் படவில்லை. கண்ணுக்கு எதிரிலேயே வைத்துவிட்டு நம்மை ஏமாற்றியிருக்கிறான் பாரு, அந்த டைரக்டர் மட்டும் உயிரோடு இருந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அவள் தேடச் சொன்ன புருஷனே அவன்தான். முன்னால் ஒரு சமயம் அவளுக்கு உடம்பு மோசமாகி, ஆபரேஷன் முடியும்வரை அணையாத விளக்கு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றதையெல்லாம் முன்பே கொடுத்துத் தீர்த்தாயிற்று. இருப்பதிலேயே நின்று எரிவது எதுவோ அதைக் கொடு என்று கடைக்காரன் கேட்கிறான். இவன் அவளோடு வாழ்ந்த பத்து வருஷத்தைக் கொடுத்துவிடுகிறான். விளக்கை வாங்கிக்கொண்டு மழையில் ஓடி வருகிறான். வாசலில் நின்று, கட்டிலில் கிடக்கிறவளைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறான்: "இந்த வெளக்க இந்த அட்ரஸ்ல குடுக்கச் சொன்னாங்க. உங்களுக்காம்மா?"

தம்பி, நான் அழுதுவிட்டேன். சத்தம் வராமல்தான் அழுதேன், ஆனால் தோள் குலுங்கிவிட்டது. உங்கம்மா திரும்பிப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன். எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நீ ஐந்தாவது படித்தபோது ஒரு நாள் பெரிய மழை. ஷிப்மென்ட் தள்ளிப்போய் கம்பெனியில் மத்தியானமே விட்டுவிட்டார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வாட்ச்மேன் "எந்த கிளாஸ் சார்?" என்று கேட்டான். "மூணாவது" என்றேன். மூணாவது பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்தும் நீ வரவில்லை. கடைசியில் பெரிய பிள்ளைகளோடு நீ வந்தாய். "அப்பா, நான் அஞ்சாவதுப்பா" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் மூணாவதும் நாலாவதும் என்னிடம் இல்லை, தம்பி. ஓவர்டைமுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் லைட் எரிய வேண்டும், நீ படிக்க வேண்டும், அதற்காகத்தான் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கொடுத்தேன் என்பதுகூட அந்தப் படத்தைப் பார்க்கிறவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அங்கேயே புரிந்தது. அந்தப் படத்தில் அவளிடம் பத்து வருஷம் இருக்கிறது, அவனிடம் இல்லை. அப்படியானால் அவள்தான் அவனுக்குப் பத்து வருஷம் மூத்தவள். அவர்கள் எப்படி நடந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவனுக்கும் சேர்த்து அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கம்மாவைப் பார்த்தேன். உன் மூணாவதும் நாலாவதும் அவளிடம்தான் இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் அவளும் எனக்கு எத்தனையோ வருஷம் மூத்தவள். இத்தனை நாள் அவளோடு குடித்தனம் பண்ணிவிட்டு, இரண்டு வயதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போது பார்த்து பெரியப்பாவின் போனில் அலாரம் அடித்தது. ஆறு மணி. ராகு காலம் முடிந்தது. பவித்ராவின் அம்மா எழுந்து, "பொண்ண வரச் சொல்லட்டுங்களா?" என்றார். பெரியப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அலாரத்தைத் தடவி அணைத்துவிட்டு, "கொஞ்சம் இரும்மா, முடியட்டும்" என்றார். நல்ல நேரத்தைக் காக்க வைத்த பெரியப்பாவை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசிக் காட்சி. அந்த விளக்கு தீர்ந்துகொண்டே வருகிறது. அவன் கேட்கிறான், அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவனுக்கு ஒன்றும் திரும்ப வரவில்லை. நம் படமாக இருந்தால் தலையில் அடிபட்டு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். இதில் வரவில்லை. விளக்கு அணைந்துவிடுகிறது. திரை முழுக்க இருட்டு, மழைச் சத்தம் மட்டும். அந்த இருட்டில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி வந்தது:

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. பரவால்ல, வா, வீட்டுக்குப் போலாம்."

இரண்டு பேர் நடந்து போகிற சத்தம். அதில் ஒரு கால் கொஞ்சம் சாய்ந்து விழுகிறது. முடிந்தது.

அப்புறம் லைட்டைப் போட்டார்கள். பெரியப்பா என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டு காலி. பஜ்ஜியும் இல்லை, கேசரியும் இல்லை, கை எல்லாம் எண்ணெய். சத்தியமாகச் சொல்கிறேன், எப்போது எடுத்தேன், எப்போது தின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியப்பா என் காதோரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், கைய நனைச்சிட்டியேடா! இப்ப இன்னா சொல்லிட்டு எழுந்து போறது?" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பவித்ராவின் அம்மா முகம் வெளிறி நின்றார். நாங்கள் என்ன முடிவோடு வந்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சாத்தின கதவுக்குப் பின்னாலும் அது கேட்டிருக்கும். அந்த நிமிஷம் எனக்கு உயிரே போய்விட்டது.

உங்கம்மாதான் வாயைத் திறந்தாள். "மாமா, உங்க மீசையில கேசரி ஒட்டியிருக்குது" என்றாள்.

பெரியப்பா கையை மீசைக்குக் கொண்டுபோனார். நெய்யோடு ஒரு முந்திரித் துண்டு விரலில் வந்தது. அவருடைய தட்டிலும் பாதிக்கு மேல் காணவில்லை. முதலில் அந்த நர்ஸ் அம்மாதான் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. பிறகு நான். பிறகு அறைக்குள்ளே இருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கோபத்துக்குக் காரணம் இதுதான். என்மேல் கோபம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறாரே தவிர, அவருக்குக் கோபம் அந்தக் கேசரி மேல்.

"நனைச்சிட்டேன்ணா. தெரிஞ்சே நனைச்சதா வெச்சிக்கோ" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "பொண்ண வரச் சொல்லுங்க சம்பந்தி" என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பவித்ரா காபியோடு வந்தாள். அவள் புடவை என்ன நிறம் என்று உங்கம்மாவைக் கேள், நான் கவனிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அம்மாடி, அந்தக் கடைசியில இருட்டுல ஒண்ணு சொன்னானே, அவன் நெஜமாவே அப்படித்தான் சொன்னானா?" என்று கேட்டேன். எல்லாரும் சமையல் தெரியுமா என்று கேட்பார்கள். அவள் காபித் தட்டைப் பிடித்தபடியே யோசித்தாள்.

"இல்ல அங்கிள். கடைசி வார்த்தையா அவன் வெறும் 'போலாம்'னுதான் சொல்றான். அவங்க பாஷையில அந்த இடத்துல அது போதும். நம்ம பாஷையில வெறும் 'போலாம்'னு போட்டா மொட்டையா இருந்துச்சு. எங்க போறதுன்னு கேக்கத் தோணும். 'வீட்டுக்கு'ன்றது நான் போட்டது. தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயமாதான் இருக்குது."

"தப்பு இல்லம்மா. யாராவது எடுக்கச் சொன்னா எடுக்காத" என்றேன். இதுதான் உன் அப்பா பெண் பார்த்த கதை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. அவள் உனக்கு இரண்டு வருஷம் மூத்தவள் என்று யாராவது கல்யாண மண்டபத்தில் உன் காதில் போட்டால், உனக்கு முன்னாடியே வந்து இடம் போட்டு வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிடு. இனிமேல் அவள் நினைவு வைத்திருப்பதுதான் ஜாஸ்தியாக இருக்கும், நீ நினைவு வைத்திருப்பது கம்மியாகத்தான் இருக்கும். நம் வீட்டு ஆம்பிளைகள் அப்படித்தான். ஆனால் அதைப் பெருமையாக வைத்துக்கொள்ளாதே. உன் கம்பெனியும் ஒரு நாள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உன்னிடம் கேட்கும். கொடுக்க வேண்டித்தான் வரும், விளக்கு எரிய வேண்டுமே. கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடு. நான் பார்க்காமல் கொடுத்தவன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்றைக்குத் திரும்பி வரும்போது பெரியப்பா முன் சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். நானும் உங்கம்மாவும் பின்னால் இருந்தோம். விரிஞ்சிபுரம் பக்கம் வரும்போது நான் மெதுவாகக் கேட்டேன்: "அவன் மொத மொதல்ல எங்க நடந்தான்?"

"யாரு?"

"நம்ம பையன்தான்."

"இன்னா திடீர்னு?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல ஆரம்பித்தாள். நீ முதலில் நடந்தது தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில், பக்கத்து வீட்டு பாயம்மாவின் புர்கா நுனியைப் பிடித்துக்கொண்டு. உன் முதல் பல் விழுந்தது, நீ இரண்டு நாள் பேசாமல் இருந்தது, எறும்புக்குச் சர்க்கரை வைத்தது, எல்லாவற்றையும் நேற்று நடந்த மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை, தம்பி. புதிதாகப் படம் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தேன். பள்ளிகொண்டா போனது, மாதனூர் போனது. பெரியப்பாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். நம் வீட்டு வாசலில் வண்டி நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், வீடு வந்துடுச்சி" என்றான். அவள் சொல்லி முடிக்கவில்லை.

"இன்னொரு ரவுண்டு போய்ட்டு வாப்பா" என்றேன்.

அவள் சொல்லிக்கொண்டு வந்ததில் நீ அப்போது இரண்டாம் வகுப்புக்குத்தான் வந்திருந்தாய்.

உன் அப்பா